‘பை’ போட்டுவிட்டால் பாசிவ் ஆகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வகுப்பில் ‘வாய்ஸ் மாற்று’ என்று ஒரு பயிற்சி நடக்கிறதே, அதை இன்று நடக்கும் விதத்தில் நடத்துவதை நிறுத்த வேண்டும். அது பிள்ளைகளுக்கு மார்க் வாங்கித் தருகிறது. ஆங்கிலம் கற்றுத் தருவதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையின் வேலையைப் பற்றியோ, கடனைப் பற்றியோ, உடம்பைப் பற்றியோ ஒரு கடிதம் வந்தால், அதைப் புரிந்துகொள்ளவும் அந்த மார்க் உதவுவதில்லை. என் கோபம் அதில்தான்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கண்ணால் மேயாமல் வாய்விட்டுப் படியுங்கள். இது காதால் பிடிக்க வேண்டிய பாடம்.

அந்தப் பயிற்சி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். “ராமு ஈட்ஸ் எ மேங்கோ.” மாம்பழத்தை முன்னால் கொண்டு வா. ராமுவைப் பின்னால் தள்ளு. நடுவில் ‘பை’ போடு. “எ மேங்கோ இஸ் ஈட்டன் பை ராமு.” சபாஷ், இரண்டு மார்க்! தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் இந்தக் கேள்விக்கு நிரந்தர இடம் உண்டு. நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் பல காலம் அந்தப் பாடத்திட்டத்தில்தான் இருந்தன. 2023-24 கல்வியாண்டிலிருந்து மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. புத்தகம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. டியூஷன் நோட்டிலும் கைடிலும் ராமு இன்னும் மாம்பழம் தின்றுகொண்டுதான் இருக்கிறான்.

ராமு மாம்பழம் தின்றால் பிரச்சினை இல்லை. ராமுவைப் பார்த்து யாராவது சிரித்தால்தான் பிரச்சினை. “தே லாஃப்ட் அட் ராமு.” இதை மாற்றச் சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் “ராமு வாஸ் லாஃப்ட் பை தெம்” என்று எழுதுவார்கள். ‘அட்’ காணாமல் போய்விடும். சரியான வாக்கியம் “ராமு வாஸ் லாஃப்ட் அட் பை தெம்”. ‘அட்’டும் ‘பை’யும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்க வேண்டும்.

பிள்ளை ஏன் ‘அட்’டை விடுகிறது? சோம்பலால் அல்ல. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், நாம் கொடுத்த சூத்திரம். ‘பை’ போட்டால் முடிந்தது என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். பக்கத்தில் இன்னொரு சின்னச் சொல் நின்றால் பிள்ளைக்கு அது தவறாகத் தெரிகிறது. ஒன்றை அடித்துவிடுகிறது. எதை அடிக்கும்? சூத்திரத்தில் இருப்பதை அடிக்காது, சூத்திரத்தில் இல்லாததைத்தான் அடிக்கும்.

இரண்டாவது காரணம், நம் தமிழ். “அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்” என்கிறோம். “சிரித்தார்கள், அவனைப் பார்த்து” என்று திருப்பிப் போட்டாலும் ‘ஐ’ உருபும் ‘பார்த்து’ம் அவனோடேயே போகின்றன. “கமிட்டியை நம்பியிருக்கிறோம்”, “டாக்டருக்குச் சொல்லி அனுப்பினோம்” என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். தொல்காப்பியர் காலத்திலிருந்து நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியே வாழ்கிறது. பெயர் அம்மா என்றால் உருபு இடுப்பில் உட்கார்ந்த குழந்தை. அம்மா எங்கே போனாலும் குழந்தையும் கூடப் போகும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அம்மா மட்டும் வாக்கியத்தின் முன்னால் போய்விடுவாள். குழந்தை வினைச்சொல்லின் வீட்டிலேயே தங்கிவிடும். “வி சென்ட் ஃபார் தி டாக்டர்” என்பது “தி டாக்டர் வாஸ் சென்ட் ஃபார்” ஆகிறது. டாக்டர் முன்னால் போய்விட்டார், ‘ஃபார்’ மட்டும் அங்கேயே நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை எந்த கைடிலும் எழுதுவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

இது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான பழக்கமும் அல்ல. நம் ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் அங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சில் இப்படிப் பிரிபொசிஷனைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. ஜெர்மன் மொழியிலும் முடியாது. ஆங்கிலத்திலும், நார்வே, ஸ்வீடன் பக்கத்து மொழிகளிலும்தான் இந்த வழக்கம் உண்டு. ஆங்கிலத்திலேயே இது ஆதிகாலம் முதல் இருந்ததில்லை. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில்தான் வேர் பிடித்தது. நம் பாகூர் செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் ஏடு அது. இங்கே கல்லூரிக்கு ஊர் எழுதி வைத்த காலத்தில் இங்கிலாந்துக்காரனுக்கே “லாஃப்ட் அட் பை” சொல்லத் தெரியாது! ஆகவே ஒரு ‘அட்’டை விட்டதற்காக எந்தப் பிள்ளையையும் மக்கு என்று சொல்லாதீர்கள். குடும்பக் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்காதீர்கள்.

“புரிந்தால் போதாதா டீச்சர்? ஒரு ‘அட்’ விட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா?” என்று கேட்பீர்கள். பேச்சில் விட்டால் கவிழாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் இது அலங்காரம் அல்ல. சில இடங்களில் அந்தச் சின்னச் சொல்தான் வாக்கியத்தின் உயிர். பாருங்கள்.

“தி மீட்டிங் வாஸ் கால்ட்” என்றால் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். “தி மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்” என்றால் கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு ‘ஆஃப்’பில் நேர் எதிர்.

“தி மெஷின் வாஸ் ஆபரேட்டட்” என்றால் எந்திரத்தை இயக்கினார்கள். மனுஷனுக்கு அறுவை சிகிச்சை என்றால் “ஹி வாஸ் ஆபரேட்டட் ஆன்”. நம் பக்கத்தில் ‘ஆன்’ இல்லாமலே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலக்காரன் காதில் மனுஷனை சுவிட்ச் போட்டு ஓட்டிய மாதிரி விழும்.

“தி டோர் வாஸ் ப்ரோக்கன்” என்றால் கதவு உடைந்தது. “தி ஹவுஸ் வாஸ் ப்ரோக்கன் இன்டு” என்றால் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான்.

“தி ஷாப் இஸ் ரன் பை மை அங்கிள்” என்றால் மாமா கடை நடத்துகிறார். “ஹி வாஸ் ரன் ஓவர் பை எ பஸ்” என்றால் பஸ் ஏறிவிட்டது. போனில் இந்தச் செய்தியைக் கேட்கிறவருக்கு ‘ஓவர்’ எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

‘லுக்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். “லுக்ட் அட்” பார்க்கப்படுவது. “லுக்ட் ஆஃப்டர்” கவனித்துக்கொள்ளப்படுவது. “லுக்ட் இன்டு” விசாரிக்கப்படுவது. “லுக்ட் அப் டு” மதிக்கப்படுவது. “லுக்ட் டவுன் ஆன்” இளக்காரமாகப் பார்க்கப்படுவது. வினைச்சொல் ஒன்றுதான். மதிப்பும் அவமதிப்பும் பின்னால் வரும் சின்னச் சொல்லில் இருக்கிறது.

இதுவரை சொன்னது இலக்கணம். இனி வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன்.

உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலையில் இருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், கம்பெனியிலிருந்தோ, பேங்கிலிருந்தோ, அலுவலகத்திலிருந்தோ வரும் கெட்ட செய்திகள் எந்த உருவத்தில் வருகின்றன? “யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் டர்ன்ட் டவுன்.” விண்ணப்பம் நிராகரிப்பு. “யுவர் நேம் ஹாஸ் பீன் ஸ்ட்ரக் ஆஃப்.” பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். “தி இன்டர்வியூ ஹாஸ் பீன் புட் ஆஃப்.” நேர்முகத் தேர்வு தள்ளிவைப்பு. “தி யூனிட் வில் பி ஷட் டவுன்.” ஆலை மூடல். “யூ ஆர் பீயிங் லெட் கோ.” உனக்கு வேலை இல்லை. நல்ல செய்தி சொல்லும்போது “வி ஆர் ஹேப்பி” என்று ஆளோடு வருகிறார்கள். கெட்ட செய்தியில் பெரும்பாலும் ஆளே இல்லை. வினையும் ஒரு சின்னச் சொல்லும் மட்டும் வருகின்றன. ராமு மாம்பழத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை இதை எங்கே படித்தது?

இரண்டே இரண்டு உதாரணம் சொல்கிறேன், நம் ஊருக்குப் பழக்கமானவை.

ஒன்று, “லெய்ட் ஆஃப்”. ரோடியர் மில் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஏ.எஃப்.டி.யில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு ‘லே-ஆஃப்’ தெரிந்த சொல். 2020 ஏப்ரலோடு மில் மூடப்படுவதற்கு முன் பல வருஷம் தொழிலாளர்கள் லே-ஆஃபில்தான் இருந்தார்கள். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் அதற்கு விளக்கம் இருந்தது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, எந்திரம் பழுது என்பது போன்ற காரணத்தால் முதலாளியால் வேலை கொடுக்க முடியாத நிலை அது. ஆள் மஸ்டர் ரோலில் இருப்பார். வேலை உறவு அறுந்துவிடாது. சட்டம் சொல்லும் நிபந்தனைகள் பொருந்தினால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். வேலையை விட்டே அனுப்புவதற்கு அந்தச் சட்டத்தில் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்று வேறு பெயர். ஆட்குறைப்பு.

இப்போது பேரனுக்கு ஐ.டி. கம்பெனியிலிருந்து “யூ ஹேவ் பீன் லெய்ட் ஆஃப்” என்று மெயில் வருகிறது. இது அமெரிக்க வழக்கு. அநேகமாக வேலை போய்விட்டது என்றே பொருள். மில்லில் இருந்த தாத்தாவோ, “பயப்படாதே, பாதிச் சம்பளம் வரும், திரும்பக் கூப்பிடுவார்கள்” என்று தேற்றுவார். இருவர் சொல்வதிலும் தப்பில்லை. ஒரே சொல், இரண்டு உலகம். கடைசிச் சம்பளம் என்ன, நோட்டீஸ் காலம் எத்தனை நாள், கிராஜுவிட்டி உண்டா என்று பேரன் கேட்க வேண்டிய நேரத்தில், அந்த ‘ஆஃப்’ என்ன சொல்கிறது என்பதே தெளிவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் வேறு முன்னால் இருக்கும்.

இரண்டு, “ரிட்டன் ஆஃப்”. நம்முடையது நெல்லும் கரும்பும் போட்ட கொம்யூன். விவசாயக் கடன் வாங்காத வீடு குறைவு. பேங்கில் “தி லோன் ஹாஸ் பீன் ரிட்டன் ஆஃப்” என்று கேட்டதும் ‘தள்ளுபடி ஆகிவிட்டது’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் “வெய்வ்ட்” என்று வேறு சொல் உண்டு. ‘ரிட்டன் ஆஃப்’ என்பது பேங்க் தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்வது. வாங்கியவர் தலையில் கடன் அப்படியே இருக்கிறது. வசூலும் தொடரலாம். சிபில் அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப்’ என்று ஏறிவிட்டால் அடுத்த கடன் கிடைப்பதே கஷ்டம். “ரிட்டன்” என்றால் எழுதியது, “ரிட்டன் ஆஃப்” என்றால் கணக்கிலிருந்து நீக்கி எழுதியது, “ரிட்டன் டவுன்” என்றால் குறித்துவைத்தது அல்லது மதிப்பைக் குறைத்து எழுதியது. இந்த வித்தியாசத்தை ஒரு வகுப்பில் ஒரு மணி நேரம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும்!

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மேலே சொன்ன கடித வாக்கியங்கள் எதிலும் ‘பை’ இல்லை! யார் நிராகரித்தது, யார் நீக்கியது, யார் மூடுகிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. குவிர்க் என்ற பேராசிரியரும் மூன்று பேரும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல் ஒன்று உண்டு. செயப்பாட்டுவினை வாக்கியங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கில் செய்தவர் பெயர் வருவதில்லை என்று அதில் சொல்கிறார்கள். அப்படியென்றால் நம் வகுப்பறை என்ன செய்கிறது? ஐந்தில் ஒரு பங்காக வருவதையே முழுப் பாடமாக ஆக்கி, நான்கு பங்கை மறைத்துவிடுகிறது. பாசிவ் வாக்கியம் பெரும்பாலும் இருப்பதே செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்குத்தான். அதில் தப்பும் இல்லை, சில நேரம் யார் என்பது முக்கியமே இல்லை. ஆனால் சில நேரம் வேண்டுமென்றே மறைக்கிறார்கள். அப்போது “பை ஹூம்?”, அதாவது “யாரால்?” என்று கேட்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

தமிழில் இந்த வித்தை நமக்கு நன்றாகவே தெரியும். “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது” என்று பதில் வந்தால் என்ன அர்த்தம்? ஃபைல் தூங்குகிறது என்று நம் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் சொல்லிவிடுவார். அதன் ஆங்கிலம்தான் “யுவர் கம்ப்ளெயின்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு”. தமிழில் உஷாராக இருக்கும் நாம் ஆங்கிலத்தில் அதைப் படித்ததும் ஏதோ பெரிய விசாரணை நடக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். வரும் என்று தெரியும்.

“ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த டீச்சர் ஆங்கில இலக்கணம் பேசலாமா?” என்று ஒருவர் கேட்கலாம். தாராளமாகப் பேசலாம். எம்.ஏ. படித்தவர் பிள்ளைகளைச் சந்திப்பதற்கு முன் ஐந்தாறு வருஷம் அவர்களோடு இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

“அதற்குத்தானே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, ஐந்நூறு பிரேசல் வெர்ப் மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே?” என்கிறார்கள் பெற்றோர். அந்தப் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். காசு கொடுத்து மளிகைச் சீட்டு வாங்கிவந்த மாதிரி இருக்கிறது. நம் பிள்ளைக்குத் ‘தள்ளு’, ‘தள்ளிவை’, ‘தள்ளிவிடு’, ‘தள்ளிப்போ’ நான்கும் வேறு வேறு என்று யார் பட்டியல் போட்டுச் சொன்னார்கள்? காதில் விழுந்து விழுந்து வந்தது. ஆங்கிலமும் அப்படித்தான். ‘பிரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியதே லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகப் பெயர் தெரியாமலே மக்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று படித்தோமே” என்பார்கள் பழைய ஆட்கள். “தி டாக்டர் வாஸ் சென்ட் ஃபார்” அப்படித்தானே முடிகிறது? அந்தத் தடையைக் கிளப்பிவிட்டவர்களில் முக்கியமானவர் கவிஞர் டிரைடன். 1672-இல் பென் ஜான்சனின் வரிகளை அவர் அதற்காகக் குறை சொன்னார். லத்தீன் மோகம். ஆங்கில மக்கள் யாரும் அவருக்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஏன் அந்தத் தடையைச் சுமந்துகொண்டு, நல்ல வாக்கியத்தின் வாலை வெட்ட வேண்டும்?

“சரி, ஆனால் மார்க்?” இதுதான் கடைசி ஆயுதம். என்னிடம் படித்து இன்று நீங்களே ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதைத்தான் கேட்கிறீர்கள். கேள்வி வந்தால் பிள்ளை எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? பொருள் தெரிந்த பிள்ளைக்கு ‘பை’ போடுவது பத்து நிமிட வேலை. பத்து வருஷம் ‘பை’ போட்ட பிள்ளைக்குப் பொருள் தானாக வந்துவிடாது. முதலில் எதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்குப் பிடிக்காது. மாற்று வழி இதோ. மூன்றே விஷயம்.

முதலாவது, கட்டைப் பிரிக்காதே. வினையும் சின்னச் சொல்லும் ஒரு கட்டு. சில கட்டில் இருப்பது பிரிபொசிஷன், சில கட்டில் இருப்பது வினையுரிச்சொல் என்று இலக்கணக்காரர்கள் பிரிப்பார்கள். பிள்ளைக்கு இப்போது அது வேண்டாம். செய்வினையில் என்ன கட்டு இருந்ததோ அது அப்படியே செயப்பாட்டுவினைக்கும் வர வேண்டும். அவ்வளவுதான். “லாஃப்ட்-அட்”, “டெல்ட்-வித்”, “பெய்ட்-ஃபார்”, “டேக்கன்-கேர்-ஆஃப்”, “டன்-அவே-வித்” என்று ஒரே மூச்சில் சொல்ல வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பழைய வாக்கியத்துக்குப் போ. ‘லாஃப் ஹிம்’ என்றா சொன்னாய், ‘லாஃப் அட் ஹிம்’ என்றா சொன்னாய்?

இரண்டாவது, கட்டு முடிந்த பிறகுதான் அடுத்த சொல். அது ‘பை’யாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. “ஷி வாஸ் ப்ராட் அப் பை ஹெர் கிராண்ட்மதர்.” பாட்டி வளர்த்தார். “ப்ராட் அப் இன் பாகூர்.” பாகூரில் வளர்ந்தாள். “ப்ராட் அப் ஆன் ஸ்டோரீஸ்.” கதை கேட்டே வளர்ந்தாள். யார், எங்கே, எதைக் கொண்டு என்று கேட்டால் சொல் தானே வந்து நிற்கும். “கட் ஆஃப் ஃப்ரம் தி டவுன்”, “ஹேண்டட் ஓவர் டு தி போலீஸ்” எல்லாம் இப்படித்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி ரோடு முங்கினால் நம் பக்கத்துக் கிராமங்கள் ‘கட் ஆஃப் ஃப்ரம்’ ஆகும். அதில் செய்தவர் யாரும் இல்லை, ‘பை’யும் தேவையில்லை.

மூன்றாவது, எல்லாக் கட்டும் பாசிவ் ஆகாது. தானாக நடக்கும் விஷயத்துக்குச் செயப்படுபொருள் இல்லை. அதனால் பாசிவும் இல்லை. இரங்கல் செய்தியில் “ஹி வாஸ் பாஸ்ட் அவே” என்று எழுதுகிறோம். தவறு. “ஹி பாஸ்ட் அவே” போதும். “ஐ வாஸ் க்ரோன் அப் இன் புதுச்சேரி” அல்ல, “ஐ க்ரூ அப்”. ‘வாஸ்’ வேண்டும் என்றால் “ஐ வாஸ் ப்ராட் அப்”. நானாக வளர்ந்தேன் என்றால் ஒன்று, என்னை வளர்த்தார்கள் என்றால் இன்னொன்று. தமிழில் ‘வளர்ந்தேன்’, ‘வளர்த்தார்கள்’ என்று ஒரு மெய்யெழுத்தை மாற்றியே நாம் இதைக் காட்டிவிடுகிறோம். தன்வினை, பிறவினை படித்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். ஆங்கில வாத்தியார் தமிழ் வாத்தியாரிடம் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரே ஸ்டாஃப் ரூமில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

பாடத்துக்கு ராமுவின் மாம்பழத்தை விட்டுவிடுங்கள். நோட்டீஸ் கொண்டு வாருங்கள். மின்தடை அறிவிப்பு, பேங்க் குறுஞ்செய்தி, டிஸ்சார்ஜ் சம்மரி, ரயில் ரத்து அறிவிப்பு, வேலை விளம்பரம் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கிறது. பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு வகுப்பில் சத்தமாகப் படியுங்கள். என்ன ஆயிற்று? யாருக்கு ஆயிற்று? செய்தது யார் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? இந்த நான்கு கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்கு வாய்ஸ் தெரியும். ‘பை’ எழுதினாலும் எழுதாவிட்டாலும் தெரியும்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் பள்ளியில் கிடைக்காவிட்டாலும் வீட்டில் கிடைத்துவிடும். அப்பா அம்மா சாப்பாட்டு மேஜையில் ‘கால்ட் ஆஃப்’, ‘லெட் டவுன்’ என்று பேசுவார்கள், காதில் விழும். நம் கொம்யூன் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழும் ஒரே இடம் வகுப்பறை. அங்கேயும் மாம்பழம்தான் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

இனி வீட்டுப்பாடம். வயது ஐம்பதானாலும் என் மாணவர்கள் செய்தே ஆக வேண்டும்! இந்த வாரம் உங்கள் போனுக்கோ மெயிலுக்கோ வந்த ஆங்கில அறிவிப்பு ஒன்றில் இப்படி ஒரு கட்டைக் கண்டுபிடியுங்கள். சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் கீழே எழுதுங்கள். பொருளைத் தமிழில் ஒரு வரியில் எழுதுங்கள். செய்தவர் யார் என்று அதில் இருக்கிறதா, இல்லையா என்றும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தித் தருகிறேன். தவறாக எழுதினவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. முக்கியமாக மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்,
பாகூர்.